ஆயிரம் வீட்டுக்கு உடனே அனுமதி, பள்ளிக்கு மட்டும் ஏன் இழுவை?

12 அக்டோபர் 2024, இணையக் குழுவில் இந்த உரையாடல் இழையைத் தொடங்கியவர் கேட்டது

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் போன வருடம் புது டவுன்ஹவுஸ் (வரிசை வீடு) வாங்கி வந்தோம். தெருவுக்குப் பின்னால் இன்னும் மண் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வரிசை வீடு எழுந்துவிடுகிறது. மகளின் பள்ளியில் விளையாட்டுத் திடலில் பாதியைத் தற்காலிக ட்ரெய்லர் வகுப்புகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த பள்ளி எப்போது என்று கேட்டால் "திட்டத்தில் இருக்கிறது" என்கிறார்கள். என்னைக் கேட்டால் கவுண்டியும் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) பில்டரும் கூட்டு. பள்ளி கட்டி முடியும் வரை ஒரு வீட்டுக்கும் பெர்மிட் தரக் கூடாது. இல்லை, பில்டரே பள்ளியைக் கட்டிக் கொடுக்கட்டும். இதில் என்ன கஷ்டம்?

12 அக்டோபர், இரவு, என் பதில்

கஷ்டம் "கவுண்டி" என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் போட்டுக் கட்டுவதில் தொடங்குகிறது. நிலத்தை வீட்டுமனையாக மாற்ற அனுமதிப்பது கவுண்டியை ஆளும் சூப்பர்வைசர் போர்டு. பள்ளியை நடத்துவது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று எல்லை பிரிப்பது, அடுத்த பள்ளி எங்கே வேண்டும் என்று சொல்வது ஸ்கூல் போர்டு. இரண்டு பேரையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், ஆனால் தனித்தனியாக. வர்ஜீனியாவில் ஸ்கூல் போர்டுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கேட்கும் இடத்தில் ஸ்கூல் போர்டு, கொடுக்கும் இடத்தில் சூப்பர்வைசர்கள். வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர் பள்ளிக் கூட்டத்தில் திட்டு வாங்குவதில்லை. திட்டு வாங்குகிறவர் கையில் பணம் இல்லை.

இதற்கு மேலே மாநில அரசு. இங்கே கவுண்டிக்கு மாநிலத் தலைநகர் ரிச்மண்ட் கொடுத்த அதிகாரம் மட்டும்தான். சட்டம் வெளிப்படையாகச் சொல்லாததை "நல்லதுதானே" என்று செய்துவிட முடியாது. உங்கள் இரண்டு யோசனைகளும் முட்டி நிற்பது அங்கேதான். விவரம் நாளைக்கு.

13 அக்டோபர்

முதலில் "பில்டர் கட்டட்டும்."

அதற்கு இங்கே ப்ராஃபர் என்று ஒரு வழி உண்டு. வயலாக இருக்கும் நிலத்தை வீட்டுமனையாக ரீசோன் செய்யச் சொல்லி டெவலப்பர் வரும்போது, "பள்ளிக்கு இவ்வளவு நிலம் தருகிறேன், வீட்டுக்கு இவ்வளவு பணம் தருகிறேன்" என்று அவராகவே எழுதிக் கொடுப்பார். சட்டப்படி அது அவர் விருப்பம். கவுண்டி கட்டாயப்படுத்தக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த நாடகம்தான், ஆனால் வேலை செய்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பல தொடக்கப் பள்ளிகளின் நிலம் அப்படி வந்ததுதான்.

இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, ரீசோனிங் கேட்டால்தான் ப்ராஃபர். முப்பது வருடத்துக்கு முன்பே வீடு கட்டலாம் என்று குறிக்கப்பட்ட நிலத்தில் கட்டினால் அது பை-ரைட். கவுண்டி ஒரு பைசா கேட்க முடியாது. இரண்டாவது, 2016-ல் சட்டமன்றம் குடியிருப்பு ப்ராஃபரை இறுக்கியது. அந்தக் குறிப்பிட்ட குடியிருப்பால்தான் தேவை வருகிறது, ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளில் அதற்கு இடமில்லை என்று காட்டினால்தான் செல்லும் என்றார்கள். கேட்டாலே வழக்கு வருமோ என்று கவுண்டி வக்கீல்கள் பயந்து, டெவலப்பரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். 2019-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

பில்டர் தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 1987-லும் 1994-லும் 2013-லும் ஒரே திசையில் போயிருக்கிறது: அனுமதிக்கு விலையாக நிலமோ பணமோ கேட்டால், அந்தக் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் கேட்பதற்கும் தொடர்பும் அளவும் இருக்க வேண்டும். இந்த ஏப்ரலில் வந்த ஷீட்ஸ் வழக்கு, கலிஃபோர்னியாவில் எல் டொராடோ கவுண்டி ஒரு வீட்டுக்காரரிடம் சாலைக்காக 23,420 டாலர் கேட்டதைப் பற்றியது. சட்டமன்றமோ கவுண்டியோ பொதுவாக விதித்த கட்டணம் என்பதற்காக இந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். பள்ளிக் கட்டணம் வாங்கும் ஊர்களும் இனி தங்கள் கணக்கை எடுத்துத் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

13 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போனது. பில்டர் தரும் பணம் பில்டர் வீட்டுப் பணம் இல்லை. சந்தை சூடாக இருந்தால் வீட்டு விலையில் ஏற்றி உங்களிடம் வாங்குவார், மந்தமாக இருந்தால் நிலம் விற்பவரிடம் குறைத்துக் கொடுப்பார். உங்கள் டவுன்ஹவுஸ் விலைக்குள் ஒரு பள்ளியின் ஒரு சுவராவது இருக்கக்கூடும்.

15 அக்டோபர்

"மாநில அரசு எதுவும் தராதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசிரியர் சம்பளத்துக்குத் தரும், அதுவும் ஊரின் வசதியைப் பொறுத்து. ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். சொத்து மதிப்பும் வருமானமும் அதிகமுள்ள ஊர் தன் பங்கை அதிகம் போட வேண்டும், உச்சம் 0.8. வடக்கு வர்ஜீனியா பணக்கார ஊர் என்பதால் இங்கே மாநிலப் பங்கு குறைவு. கட்டடச் செலவு பெரும்பாலும் ஊரின் தலையில்தான்.

ஒரு சுவாரஸ்யம்: மாநிலச் சட்டத்தை மீறியதற்கான அபராதம் லிட்டரரி ஃபண்ட் என்ற நிதிக்குப் போகும். பள்ளி கட்டக் கடன் கொடுப்பது அதன் பழைய வேலை. ஆக, ஹைவேயில் வேகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் "கல்விக்கு என்னால் ஆன உதவி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

20 அக்டோபர்

பிள்ளைகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். சில வருடங்களுக்கு முன் எல்லை பிரிக்கும் ஆலோசனைக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக உட்கார்ந்தபோதுதான் எனக்கே இது புரிந்தது. அதுவரை யாரோ விரலை வைத்து ஊகிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏற்கெனவே குடியிருக்கும் பகுதிக்கு ஒரு முறை. ஐந்து வருடம் முன் இந்தக் கவுண்டியில் எத்தனை குழந்தைகள் பிறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கிண்டர்கார்டனுக்கு வந்தார்கள் என்று ஒரு விகிதம் எடுப்பார்கள். அப்புறம் ஒன்றாம் வகுப்பில் இருந்த நூறு பேர் இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது 103 ஆகிறார்களா, 97 ஆகிறார்களா என்று வகுப்பு வாரியாக விகிதம். சில வருடச் சராசரியை வைத்து முன்னால் ஓட்டுவார்கள். நிதானமான ஊருக்கு இது அருமையாகப் பொருந்தும். நம்மைப் போல ஏழு வயதுப் பிள்ளையோடு வேறு மாநிலத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள் பிறப்புக் கணக்கில் எங்கே இருப்போம்? இருக்க மாட்டோம்.

அதற்குத்தான் புது வீடுகளுக்கு இன்னொரு முறை. தனி வீட்டுக்கு இவ்வளவு, டவுன்ஹவுஸுக்கு இவ்வளவு, அபார்ட்மெண்டுக்கு இவ்வளவு பிள்ளைகள் என்று ஓர் உற்பத்தி விகிதம். (பெயரே அப்படித்தான், நான் வைத்ததல்ல.) பெர்மிட் கணக்கோடு அதைப் பெருக்கிக் கூட்டுவார்கள். உதாரணத்துக்கு, டவுன்ஹவுஸ் விகிதம் 0.5 என்றால் 400 வீட்டுக்கு 200 பிள்ளைகள். இந்த இருநூறு மழலையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டுத் திட்டத்துக்காக ஒரு பள்ளி என்று எப்போதும் கணக்கு வராததற்கு இதுவும் காரணம். மூன்று நான்கு திட்டங்கள் சேர்ந்தால்தான் ஒரு தொடக்கப் பள்ளி நிரம்பும். யார் எப்போது கட்டுவார் என்பது வட்டி விகிதத்தைப் பொறுத்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, அனுமதி வாங்கிய பல திட்டங்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. அந்த வீடுகளை நம்பிப் பள்ளி கட்டியிருந்தால்?

விகிதம் எங்கே தவறுகிறது என்றும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் பிள்ளைகள் குறைவு என்று பழைய விகிதம் சொன்னது. வீட்டு விலை எகிறியதும் தனி வீடு வாங்க முடியாத குடும்பங்கள் அந்த அபார்ட்மெண்டுகளிலேயே தங்கிவிட்டன. நல்ல பள்ளி எல்லைக்குள் இருந்தால் போதும் என்று வாடகைக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. கைதூக்குங்கள், இந்த இழையில் அப்படி வந்தவர்கள் எத்தனை பேர்?

21 அக்டோபர்

கை நிறைய இருக்கிறது. நானும் தூக்கிக்கொண்டேன்.

27 அக்டோபர்

இப்போது "பள்ளி முடியும் வரை பெர்மிட் தராதே." இதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் செய்தே பார்த்துவிட்டார்கள். மேரிலாந்தில் மான்ட்கமரி கவுண்டியில் ஒரு பகுதிப் பள்ளிகளின் எதிர்காலக் கணக்கு கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே புதுக் குடியிருப்புக்குத் தடை என்று விதி இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. சில பகுதிகளில் தடையும் விழுந்தது.

ஆனால் வீடு நின்றதே தவிர, பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. பள்ளியில் கூடிய பிள்ளைகளில் பெரும்பகுதி புது வீட்டிலிருந்து வரவில்லை என்று அவர்கள் திட்டத் துறையே கணக்குப் போட்டுச் சொன்னது. வயதானவர்கள் விற்றுவிட்டுப் போன பழைய வீடுகளில் இளம் குடும்பங்கள் குடியேறியதால் வந்த கூட்டம் அது. பழைய வீட்டை விற்பதற்கு யாரும் பெர்மிட் கேட்பதில்லை, தடுக்கவும் முடியாது. அத்தோடு, தடை விழுந்த இடங்களில் மெட்ரோ பக்கத்து அபார்ட்மெண்டுகளும் அடக்கம். பிள்ளைகள் குறைவாக வரும் கட்டடத்தை நிறுத்திவிட்டு, அதிகம் வரும் பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 இறுதியில் அந்தத் தடையையே எடுத்துவிட்டு, நெரிசலான இடத்தில் கட்டுகிறவர்களிடம் கூடுதல் கட்டணம் என்று மாற்றினார்கள்.

ஃப்ளோரிடா 2005-ல், பள்ளியில் இடமிருந்தால்தான் வீட்டுக்கு அனுமதி என்ற இப்படி ஒரு விதியை மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கி, 2011-ல் விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று விட்டுவிட்டது. கலிஃபோர்னியா நேர் எதிர்: 1998 சட்டப்படி, டெவலப்பர் மாநிலம் நிர்ணயித்த பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால், பள்ளியில் இடமில்லை என்று காரணம் காட்டி வீட்டுக்கு அனுமதி மறுக்கவே கூடாது.

6 நவம்பர்

நேற்று வரிசையில் நின்றபோது பாதிப் பேர் அதிபர் யார் என்ற கவலையில் இருந்தார்கள். வாக்குச் சீட்டின் அடியில் பள்ளிக்கான பாண்ட் (கடன் பத்திரம்) கேள்வி இருந்ததைப் பின்னால் நின்றவரிடம் சொன்னேன். "அது என்ன, ஆமாம் போட்டால் வரி ஏறுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

பள்ளிக் கட்டடத்தை யாரும் ரொக்கமாகக் கட்டுவதில்லை. இந்தப் பக்கம் ஒரு புது உயர்நிலைப் பள்ளி 100 மில்லியன் டாலரை எளிதாகத் தாண்டும். பாண்ட் விற்று, இருபது வருடம் போல அடைப்பார்கள். ஒரு வகையில் நியாயம்: இருபது வருடம் கழித்து அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோரும் கொஞ்சம் கட்டுகிறார்கள். வர்ஜீனியாவில் கவுண்டி பொதுக்கடன் வாங்க மக்களிடம் கேட்க வேண்டும், நகரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பள்ளிக்காக மாநிலத்தின் பாண்ட் வங்கி போன்ற அமைப்பின் வழியாகப் போனால் கவுண்டிகூட வாக்கெடுப்பு இல்லாமல் வாங்கலாம். இருந்தாலும் பெரிய கவுண்டிகள் மக்களிடம் கேட்டுவிட்டே செய்கின்றன.

அப்புறம் ஏன் ஒரே வருடத்தில் எல்லாப் பள்ளிகளையும் கட்டக் கூடாது? கடன் வரம்பு. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, ஆண்டுக் கடன் தவணை பொதுநிதிச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தானே ஒரு கோடு போட்டிருக்கிறது. ஏஏஏ என்ற உச்சக் கடன் தரத்தைக் காப்பாற்றினால்தான் வட்டி குறைவு. அந்தக் கோட்டுக்குள் பள்ளி, தீயணைப்பு நிலையம், சாலை, நூலகம் எல்லாம் முண்டியடிக்கின்றன. நம் கண்ணுக்குப் பள்ளி மட்டும் தெரிகிறது. தீ பிடிக்கும் வரை தீயணைப்பு நிலையம் தெரியாது.

6 நவம்பர், மாலை

பாண்ட் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கட்டடம் ஒரு பை, அன்றாடச் செலவு வேறு பை. புதுப் பள்ளி திறந்தால் அன்றிலிருந்து தலைமையாசிரியர், நூலகர், செவிலியர், சமையலறை, பேருந்து என்று வருடா வருடம் செலவு. அதே பிள்ளைகளை நெரிசலாக மூன்று பள்ளிகளில் வைத்திருந்தால் இந்த நிலையான செலவு மிச்சம். நெரிசல் நிதித்துறைக்கு மலிவு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிய பிறகும் திறப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் காரணத்தை இந்தப் பையில் தேடிப் பாருங்கள்.

10 நவம்பர்

டெக்சாஸ் நண்பர் "எங்கள் ஊரில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே வரி போடும், உங்களைப் போல் கெஞ்ச வேண்டாம்" என்று மார்தட்டியிருக்கிறார். உண்மைதான். அங்கே பள்ளி மாவட்டம் நகராட்சியிலிருந்து தனி. சொந்த வரி, சொந்தக் கடன், சொந்த வாக்கெடுப்பு. ஆனால் வீட்டுக்கு அனுமதி கொடுக்கும் நகரத்திடம் அவர்களுக்குப் பேச்சே கிடையாது. நகரத்தின் எல்லையும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஒன்றாகக்கூட இருக்காது. இம்பாக்ட் ஃபீ (புதுக் கட்டடத்தால் வரும் சுமைக்கு வாங்கும் கட்டணம்) சட்டம் 1987-லிருந்து இருக்கிறது. தண்ணீர், கழிவுநீர், மழைநீர், சாலை இவற்றுக்கு வாங்கலாம், பள்ளிக்கு வாங்க முடியாது. எங்களுக்குக் கை கட்டு, உங்களுக்குக் கால் கட்டு.

கலிஃபோர்னியாக்காரர்கள் மெல்லோ-ரூஸ் பற்றிப் புலம்பியதற்கும் இதே பதில். 1978-ல் ப்ரொபோசிஷன் 13 சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. பழைய வீட்டுக்காரரிடம் ஏற்ற முடியாததால் புது வீட்டுக்காரரைத் தேடினார்கள். 1982-ல் மெல்லோ-ரூஸ் சட்டம்: புதுக் குடியிருப்பை ஒரு தனி மாவட்டமாக்கி, அங்கே மட்டும் கூடுதல் வரி போட்டு, அதை வைத்துக் கடன் வாங்கிப் பள்ளியும் சாலையும் போடலாம். 1986-லிருந்து பள்ளிக் கட்டணம் தனி. 2024 கணக்குக்கு வீட்டுக்கான அடிப்படைக் கட்டணம் சதுர அடிக்கு 5.17 டாலராக இருந்தது. இரண்டாயிரம் சதுர அடிக்கு 10,340 டாலர். மூன்று மாநிலத்திலும் பார்த்தால் ஒன்று தெரிகிறது: ஏற்கெனவே குடியிருப்பவருக்கு ஓட்டு இருக்கிறது, இனி வரப்போகிறவருக்கு இல்லை. பில் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா.

1 டிசம்பர்

இத்தனை நாள் பள்ளி தாமதம் என்ற பக்கத்திலிருந்தே பேசினேன். இப்போது மறுபக்கம்.

டெக்சாஸின் ப்ளேனோ நகர மக்கள்தொகை 1980-ல் 72,000 சொச்சம், 2000-ல் 2,22,000. டாலஸ் பக்கம் போனவர்கள் எல்லாம் அங்கே வீடு தேடிய காலம். அந்த வேகத்துக்குப் பள்ளிகள் கட்டினார்கள். இந்த ஜூனில் ப்ளேனோ பள்ளி மாவட்டம் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. இரண்டு தொடக்கப் பள்ளி, இரண்டு நடுநிலைப் பள்ளி. ஊர் காலியாகவில்லை. வீடுகள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். வீட்டு விலை இளம் குடும்பங்கள் வாங்கும் நிலையில் இல்லை.

புதுக் குடியிருப்பு என்றால் ஒரே வயது மக்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்குவது. முதல் பத்து, பதினைந்து வருடம் தொடக்கப் பள்ளி பிதுங்கும். பிறகு அதே கூட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு நகரும். பிறகு வடியும். மலைப்பாம்பு விழுங்கிய இரை மாதிரி, உடம்பு நெடுக அந்த வீக்கம் நகர்ந்துகொண்டே போகும். இதோடு நாட்டில் பிறப்பே குறைந்திருக்கிறது: 2007-ல் 43 லட்சத்துக்கு மேல், 2020-ல் 36 லட்சம். 2007-ல் பிறந்தவர்கள் 2024-25-ல் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில். அவர்களுக்குப் பின்னால் வருகிற வரிசை மெலிந்துகொண்டே போகிறது.

உச்சத்துக்கு ஏற்பக் கட்டினால் இருபது வருடக் கடன் முடிவதற்குள் வகுப்பறை காலி. அதனால்தான் ட்ரெய்லர் மேல் எனக்கு இருந்த கோபம் இப்போது பாதிதான் மிச்சம். ஐந்து வருட நெரிசலுக்கு ட்ரெய்லர் சரியான பதில். அவமானம் ஒன்றுமில்லை. அதே ட்ரெய்லர் ஒரு தலைமுறைக்கு நிற்பதும், மழையில் நனைந்துகொண்டு பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடுவதும்தான் தப்பு. எங்கள் மகன் படித்த ட்ரெய்லரில் குளிர்சாதனம் பள்ளிக்குள் இருந்ததைவிட நன்றாக வேலை செய்தது. அவனைக் கேட்டால் திரும்பப் போகிறேன் என்பான்.

3 டிசம்பர்

"அப்படியானால் கட்டவே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. கட்டடம் தாமதமாகலாம், நிலம் தாமதமாகக் கூடாது. எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து இது ஒன்றுதான். ஜனவரியில் மூலதனத் திட்டக் கூட்டம் வருகிறது, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

8 டிசம்பர்

நடுவில் ஒரு கிளைப்பேச்சு: "டேட்டா சென்டர் கட்ட மட்டும் எப்படி இவ்வளவு வேகம்?" டேட்டா சென்டர் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது. உள்ளே இருக்கும் கணினிகளுக்கு வருடா வருடம் வரி மட்டும் கட்டும். லவுடன் கவுண்டி வரவில் அதற்குப் பெரிய பங்கு. 2000-ல் 1,70,000 பேர் இருந்த கவுண்டி 2020-ல் 4,21,000 ஆனது. அத்தனை பேருக்கும் பள்ளி கட்டி, வீட்டு வரி விகிதத்தையும் இறக்க முடிந்ததற்கு அந்தச் சன்னல் இல்லாத கட்டடங்கள் முக்கியக் காரணம்.

இதே கணக்கு வீட்டுக்கும் நடக்கிறது. கவுண்டி ஏட்டில் நான்கு படுக்கையறை வீடு நஷ்டம், ஒரு படுக்கையறை அபார்ட்மெண்ட் லாபம், 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பு பெரிய லாபம். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வீடு மறுப்பது 1988-லிருந்து சட்ட விரோதம். ஆனால் முதியோர் குடியிருப்புக்கு விலக்கு உண்டு. 80 சதவீத வீடுகளில் ஒருவராவது 55 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு திட்டம் "பள்ளிக்குச் சுமையே இல்லை" என்று விளம்பரம் செய்தே அனுமதி வாங்கியது. அங்கே குடிபோன தாத்தா பாட்டிகள் விற்றுவிட்டு வந்த பழைய வீடுகளில் யார் குடிபோனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மான்ட்கமரி கதைதான், வேறு வாசல் வழியாக.

19 ஜனவரி 2025

மூலதனத் திட்டக் கூட்டத்துக்குப் போனேன். அரங்கில் என்னையும் சேர்த்துக் கொஞ்சம் பேர்தான். எல்லை மாற்றக் கூட்டம் என்றால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அடுத்த பத்து வருடம் எந்தப் பள்ளி எங்கே என்று தீர்மானமாகும் கூட்டத்தில் நாற்காலிகள் காலி. எல்லையை முடிவு செய்வதே பெரும்பாலும் இதுதான். பள்ளி எங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டால் கோடு எங்கே போகும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

நிலம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பழைய அளவுகோல் ஒன்று நாடு முழுக்க ரொம்ப நாள் ஓடியது: தொடக்கப் பள்ளிக்கு 10 ஏக்கர், உயர்நிலைப் பள்ளிக்கு 30 ஏக்கர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பிள்ளைக்கும் ஒரு ஏக்கர். 2004 வாக்கில் அதை வகுத்த அமைப்பே கைவிட்டுவிட்டது. ஆனால் பல கவுண்டிகளின் மனதில் அது இன்னும் இருக்கிறது. வயலாக இருக்கும்போது இந்த அளவு நிலம் கிடைக்கும். பக்கத்தில் ஐந்நூறு வீடு எழுந்த பிறகு அதே நிலத்தை வீட்டுமனை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது கையகப்படுத்தி நீதிமன்றம் ஏற வேண்டும். ப்ராஃபரில் வந்த நிலம் என்று பூரிக்கவும் வேண்டாம். டெவலப்பர் தருவது பல நேரம் அவரால் வீடு கட்ட முடியாத மூலை: ஓடை, சரிவு, உயர் மின்கம்பி. சமப்படுத்தும் செலவில் நிலமே வாங்கியிருக்கலாம்.

நிலமே இல்லாவிட்டால்? ஃபேர்ஃபாக்ஸில் பெய்லிஸ் தொடக்கப் பள்ளி பிதுங்கி வழிந்தபோது, செவன் கார்னர்ஸ் பக்கம் ஒரு காலி அலுவலகக் கட்டடத்தை வாங்கிப் பள்ளியாக மாற்றி 2014-ல் திறந்தார்கள். முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளா என்று. பெருந்தொற்றுக்குப் பிறகு எத்தனை அலுவலகங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று பார்த்தால் அதை இன்னும் ஏன் நாலு இடத்தில் செய்யவில்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

16 பிப்ரவரி

இழையைத் தொடங்கியவர் தன் பகுதிக்கு எல்லை மாற்றம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். வரவேற்கிறேன், இனிமேல்தான் வேடிக்கை.

பக்கத்தில் காலி இடமுள்ள பள்ளி இருந்தால், புதுப் பள்ளி கேட்பதற்கு முன் எல்லைக் கோட்டை மாற்று என்றுதான் சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். காகிதத்தில் சரி. 2019-ல் மேரிலாந்தின் ஹோவர்ட் கவுண்டி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இடம் மாற்றியபோது போராட்டம், ஊர்வலம், வழக்கு எல்லாம் பார்த்துவிட்டது. காலி இடம் இருந்ததும் நெரிசல் இருந்ததும் பெரும்பாலும் வேறு வேறு வருமானப் பகுதிகளில். அதனால் கொள்ளளவுப் பேச்சு உடனே வர்க்கப் பேச்சாகவும் இனப் பேச்சாகவும் மாறியது.

நான் குழுவில் இருந்தபோது எங்கள் சமூகத்து ஆட்களே என்னிடம் தனியாக வந்து பேசினார்கள். "அந்தப் பள்ளி வேண்டாம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால், பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளத்தில் பத்துக்கு நான்கு என்பார்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி பெற்றோர் வருமானம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் பதில் சொன்னார்: "வீட்டை விற்கும்போது வாங்குகிறவருக்கு இதை விளக்க நீங்கள் வருவீர்களா?" எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவர் வீட்டில் அவர் சேமிப்பு முழுக்க இருக்கிறது.

நான் ஓட்டுப் போட்ட வரைபடத்தில் என் தெருவும் மாறியது. வீட்டில் கொஞ்ச நாள் சாப்பாடு மௌனமாக நடந்தது.

17 பிப்ரவரி

கேட்டார்கள், சொல்கிறேன்: மகள் புதுப் பள்ளியில் ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். எனக்குத்தான் ஒரு வருடம் ஆனது.

9 மார்ச்

கடைசியாக ஒருவர், "இதையெல்லாம் விடுங்கள், வீடு வாங்கலாமா வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். சரி, வேலைக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருக்கும் பள்ளிப் பெயரைப் பார்க்காதீர்கள். ஸ்கூல் போர்டு தளத்தில் மூலதனத் திட்ட ஆவணம் இருக்கும். அதில் உங்கள் தொடக்கப் பள்ளியின் பெயரைத் தேடி, கொள்ளளவு, இப்போதைய எண்ணிக்கை, ஐந்து வருடம் கழித்து வரும் எண்ணிக்கை மூன்றையும் எடுங்கள். கொள்ளளவில் ட்ரெய்லரைச் சேர்த்திருக்கிறார்களா என்று அடிக்குறிப்பைப் படியுங்கள். அங்கேதான் சாமர்த்தியம் ஒளிந்திருக்கும். அடுத்து கவுண்டியின் திட்டத் துறை வரைபடத்தில் சுற்றியுள்ள காலி நிலத்தைப் பாருங்கள். அனுமதி கிடைத்தும் கட்டாத வீடுகள் எத்தனை, பை-ரைட் எவ்வளவு, பள்ளிக்கென்று குறித்த நிலம் கவுண்டி பெயருக்கு மாறிவிட்டதா, இல்லை இன்னும் டெவலப்பர் பெயரில்தான் இருக்கிறதா. "வருங்காலப் பள்ளி" என்று பலகை நட்டிருப்பதற்கும் பத்திரம் மாறியதற்கும் நிறைய தூரம்.

திட்டத்தில் பள்ளிக்கு வருடம் போட்டிருந்தால் பணம் எந்த வருடத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் இரண்டு வருடத்துக்குள் இருந்தால் நம்பலாம். ஆறாவது வருடத்தில் இருந்தால் அடுத்த ஆண்டும் ஆறாவது வருடத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. புது நிதியாண்டு ஜூலை 1, அதற்கு முன்பே பட்ஜெட் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். போகிறவர்கள் ட்ரெய்லரைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காமல், அந்த நிலப் பத்திரம் எப்போது மாறும் என்று மட்டும் கேளுங்கள்.